ஆட்டுக்கால் சூப்பு மூட்டுக்குப் போகுமா?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்)

முன்னுரை

மூட்டு வலி இல்லாத வீடும் அரிது. அதற்கு மருந்து சொல்லத் தெரியாத உறவினரும் அரிது. ‘முழங்கால் வலிக்கிறது’ என்று ஒருவர் சொல்லி வாய் மூடுவதற்குள், முடக்கத்தான் ரசம் வைக்கச் சொல்வார் ஒருவர். பிரண்டைத் துவையல் அரைக்கச் சொல்வார் மற்றொருவர். அசைவம் உண்ணும் வீடென்றால் எல்லோரும் ஒரே குரலில் சொல்லும் மருந்து ஒன்று உண்டு. அதுதான் ஆட்டுக்கால் சூப்பு. எங்கள் பாலாற்றங்கரை ஊர்களில் இடியாப்பத்தோடும் ஆப்பத்தோடும் தரப்படும் ‘பாயா’வும் அதன் உறவே. காலில் வலி என்றால் கால் சாப்பிடு. எலும்பில் தேய்மானம் என்றால் எலும்பு ரசம் குடி! இந்தக் கணக்கு கேட்பதற்கு மிகவும் பொருத்தமாகத்தான் இருக்கிறது.

அண்மைக் காலத்தில் இந்தப் பழைய நம்பிக்கை புதுச் சட்டை போட்டுக்கொண்டு கடைத்தெருவுக்கு வந்துவிட்டது. ‘கொலாஜன்’ என்ற பெயரில் பொடியாகவும் மாத்திரையாகவும் பானமாகவும் விற்கிறார்கள். ‘தேய்ந்த மூட்டு வளரும், முதுகு வலி பறக்கும்’ என்று டப்பாவின் மேல் படம் போட்டுச் சொல்கிறார்கள். இது உண்மைதானா? உண்ட கொலாஜன் உண்மையிலேயே மூட்டுக்குப் போய்ச் சேர்கிறதா?

இது எனக்கு வெறும் பாடப் புத்தகக் கேள்வியன்று. என் தாயார் இருபத்தைந்து ஆண்டுகளாகப் பீடி சுற்றுபவர். காலை முதல் மாலை வரை தரையில் அமர்ந்து, மடியில் முறத்தை வைத்துக் குனிந்தே வேலை செய்து, இன்று முதுகும் முழங்காலும் வலிக்காத நாள் இல்லை. என் தந்தையார் தோல் பதனிடும் தொழிற்சாலையில் கூலி வேலை செய்பவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். ஆகவே, பக்கத்துத் தெருக் கடைக்காரர் ஒருவர் கொலாஜன் டப்பாவைக் காட்டியபோது, ‘வாங்கலாமா, வேண்டாமா? நீதானே கெமிஸ்ட்ரி படிக்கிறாய்’ என்று வீட்டில் என்னைத்தான் கேட்டார்கள். அந்த ஒரு டப்பாவின் விலைக்கு என் தாயார் சுமார் ஆறாயிரம் பீடி சுற்ற வேண்டும்! அவசரமாகப் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆசிரியர்களைக் கேட்டும், நூலகத்தில் படித்தும் அறிந்தவற்றைச் சக மாணவ நண்பர்களோடு பகிர்ந்து கொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

வஜ்ஜிரமும் கொலாஜனும்

தச்சர்கள் மரத்தை ஒட்டப் பயன்படுத்திய வஜ்ஜிரத்தை நம் பாட்டன்மார் நன்கு அறிவர். விலங்குகளின் தோலையும் எலும்பையும் நீரில் காய்ச்சி எடுக்கும் பசை அது. ‘கொல்லா’ என்ற கிரேக்கச் சொல்லுக்குப் பசை என்று பொருள். பசையைத் தருவது எதுவோ அதுவே கொலாஜன். எனவே பெயர்தான் புதிது. பொருள் நமக்குப் பழையதே.

கொலாஜன் ஒரு புரதம். மனித உடலில் உள்ள மொத்தப் புரதத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இதுதான். இதுவரை 28 வகைக் கொலாஜன்கள் கண்டறியப்பட்டுள்ளன. தோல், எலும்பு, தசைநாண் ஆகியவற்றில் இருப்பது பெரும்பாலும் முதல் வகை. மூட்டுகளில் எலும்பும் எலும்பும் உரசாமல் காக்கும் வழவழப்பான குருத்தெலும்பில் இருப்பது இரண்டாம் வகை. முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை போல் அமைந்த தட்டுகளிலோ, வெளி வளையத்தில் முதல் வகையும் உள்ளே கூழ் போன்ற பகுதியில் இரண்டாம் வகையும் மிகுந்துள்ளன.

எங்கள் ஊர்ப் பகுதி மக்களின் பிழைப்பே ஒரு வகையில் கொலாஜன்தான். தோலிலிருந்து ரோமத்தையும் கொழுப்பையும் சதையையும் நீக்கியபின் எஞ்சி நிற்பது பெரும்பாலும் கொலாஜன் நார்களே. அவற்றை அழுகாமல் உறுதிப்படுத்துவதுதான் பதனிடுதல். அக்காலத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் செய்த அந்த வேலையை இன்று பெரும்பாலும் குரோமிய உப்புகள் செய்கின்றன. பதனிடுவதற்கு முன் கழித்தெடுக்கும் தோல் துண்டுகள் ஜெலட்டினாகவும் பசையாகவும் மாறுகின்றன. நாம் விழுங்கும் மருந்துக் குப்பியின் கண்ணாடி போன்ற மேலுறையும் பெரும்பாலும் ஜெலட்டின்தான். கடையில் விற்கும் கொலாஜன் பொடியும் மாட்டுத் தோல், பன்றித் தோல், மீனின் தோல், செதில் முதலியவற்றிலிருந்தே எடுக்கப்படுகிறது. தாவரங்கள் கொலாஜனை உண்டாக்குவதில்லை என்பதையும் இங்கே நினைவிற்கொள்ள வேண்டும்.

மதராஸ் கண்ட மூன்று புரிக் கயிறு

கொலாஜனின் உள்ளமைப்பை உலகுக்குக் காட்டியதில் நம் சென்னைப் பல்கலைக் கழகத்துக்குப் பெரும் பங்கு உண்டு என்பது நாம் பெருமை கொள்ளத்தக்க செய்தி. 1952-ல் அங்கு இயற்பியல் துறைத் தலைவராகப் பொறுப்பேற்றவர் ஜி. என். இராமச்சந்திரன். அவ்வாண்டில் சென்னைக்கு வந்த ஆங்கில விஞ்ஞானி ஜே. டி. பெர்னால், கொலாஜனின் அமைப்பு இன்னும் தெளிவாகவில்லை என்று கூறியதே அவரை இத்துறையில் இழுத்தது. இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் எக்ஸ் கதிர்ப் படங்களை ஆராய்ந்து, கொலாஜன் மூன்று இழைகள் முறுக்கிக்கொண்ட அமைப்பு என்று 1954-ல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டனர். 1955-ல் அதனை மேலும் திருத்தினர்.

இதை விளங்கிக்கொள்ள நம் வீட்டுக் கயிறே போதும். மூன்று புரியாகத் திரித்த கயிறு எப்படி எளிதில் அறாதோ, அப்படியே கொலாஜனும். ஒவ்வோர் இழையிலும் ஏறத்தாழ 1000 அமினோ அமிலங்கள் கோக்கப்பட்டுள்ளன. அவற்றில் ஒவ்வொரு மூன்றாவது மணியும் கிளைசின். கயிற்றின் நடுவே மிகக் குறுகிய இடந்தான் உண்டு. அமினோ அமிலங்களுள் மிகச் சிறியதான கிளைசின் மட்டுமே அங்கே அடங்கும். எஞ்சிய இடங்களில் புரோலினும், அதிலிருந்து உண்டாகும் ஹைட்ராக்ஸிபுரோலினும் மிகுதி. இந்த ஹைட்ராக்ஸிபுரோலினைக் கொலாஜனின் முத்திரை என்றே சொல்லலாம். இதைப் பற்றிப் பின்னர் ஒரு சுவையான செய்தி உண்டு.

அடுப்பில் நடப்பது என்ன?

ஆட்டுக்காலில் சதை மிகக் குறைவு. தோலும் நாணும் எலும்பும்தான் அதிகம். எனவே அதில் கொலாஜன் மிகுதி என்பது உண்மையே. அதை நெடுநேரம் நீரில் கொதிக்க வைக்கும்போது மூன்று புரியும் பிரிகின்றன. பிரிந்த இழைகளே ஜெலட்டின். அது நீரில் கரைந்து சூப்புக்குக் கொழகொழப்பைத் தருகிறது. நன்றாகக் கொதித்த சூப்பைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் கூழ் போல் உறைந்துவிடும். உடல் வெப்பத்துக்குச் சற்றுக் கீழேயே அது மீண்டும் உருகிவிடும். ஆதலால்தான் நம் ஊர்க் கோடையில் வெளியே வைத்த சூப்பு உறைவதில்லை. சூடான சூப்பைக் குடித்தபின் உதடுகள் ஒட்டிக் கொள்கின்றனவே, அது அந்தப் பழைய வஜ்ஜிரத்தின் வேலைதான்!

ஆகவே, அடுப்பிலிருந்து இறக்கும்போதே அது முழுக் கயிறாக இல்லை. பிரிந்த இழையாகத்தான் நம் வாய்க்கு வருகிறது.

வயிற்றில் நடப்பது என்ன?

இங்கு ஓர் எளிய சோதனையைச் சொல்ல விரும்புகிறேன். ஆட்டுக்காலை நன்கு கொதிக்க வைத்து வடித்த சூப்பை இரண்டு டம்ளர்களில் ஊற்றி ஆறவிட்டேன். வெதுவெதுப்பாக இருக்கும்போது ஒன்றில் மட்டும் அரைத்த பப்பாளிக்காயை ஒரு கரண்டி கலந்தேன். இரண்டையும் பக்கத்து வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் இரவு முழுவதும் வைத்தேன். காலையில் பார்த்தால் ஒன்று கூழாக உறைந்திருந்தது. பப்பாளி சேர்த்தது தண்ணீராகவே இருந்தது. காரணம் என்ன? பப்பாளிக்காயில் உள்ள பப்பைன் என்னும் நொதி, ஜெலட்டின் இழைகளைத் துண்டு துண்டாக வெட்டிவிட்டது. துண்டுகள் வலைபோல் பின்னிக் கொள்ள முடியாததால் கூழ் உண்டாகவில்லை. கடினமான கறி வேகப் பப்பாளிக்காய் போடுகிறார்களே, அதன் இரகசியமும் இதுதான்.

நம் வயிற்றிலும் குடலிலும் நடப்பது இதைவிடக் கடுமையான வெட்டு. இரைப்பையில் அமிலத்தோடு பெப்சின்; சிறுகுடலில் கணையம் அனுப்பும் டிரிப்சின், கைமோடிரிப்சின் முதலியவை. ஒன்று விட்டதை மற்றொன்று வெட்டும். முடிவில் பெரும்பகுதி தனித்தனி அமினோ அமிலங்களாகிறது. இரண்டு மூன்று அமிலங்கள் சேர்ந்த சிறு துணுக்குகள் சிலவும் வெட்டுக்குத் தப்பி இரத்தத்தில் கலக்கின்றன என்பதை விஞ்ஞானிகள் கண்டுள்ளனர். ஆனால் ஆட்டின் கால் கொலாஜன் ஆட்டின் கால் கொலாஜனாகவே குடலைக் கடப்பதில்லை.

ஒரு பழைய வீட்டை இடித்தால் செங்கல்லும் மரமும் கிடைக்கும். அவற்றை வண்டியில் ஏற்றி அனுப்பினால், வாங்கியவர் சுவர் எழுப்பலாம். மாட்டுக் கொட்டகையும் கட்டலாம். ‘நான் முன்பு பூசையறையில் இருந்தேன், இங்கும் பூசையறைக்கே போவேன்’ என்று செங்கல் பிடிவாதம் செய்யுமா? அமினோ அமிலங்களும் அப்படியே. இரத்தத்தில் சேர்ந்த கிளைசின், ஆட்டுக்காலிலிருந்து வந்ததா, துவரம்பருப்பிலிருந்து வந்ததா என்ற வேறுபாடு உடலுக்குத் தெரியாது. எங்கு எது தேவையோ அதற்கு அது செலவாகும், மிஞ்சியது எரிபொருளாகும்.

இந்தச் செய்தியை நான் வீட்டில் விளக்கிக் கொண்டிருந்தபோது, பீடி சுற்றும் கையை நிறுத்தாமலே என் தாயார் ஒரு கேள்வி கேட்டார்: “அப்ப அந்த ஆட்டுக்கு யார்ரா கால் சூப்பு வெச்சிக் குடுத்தாங்க?” நான் பல பக்கங்களில் படித்ததை ஒரே வரியில் அவர் சொல்லிவிட்டார்! ஆம். ஆடு வாழ்நாளில் ஒரு கால் எலும்பையும் கடித்ததில்லை. தழையும் புல்லும் தின்று, தனக்கு வேண்டிய கொலாஜனைத் தானே உண்டாக்கிக் கொண்டது. நம் உடலும் அவ்வாறே தானே உண்டாக்கிக் கொள்கிறது.

முத்திரையின் வியப்பு

ஹைட்ராக்ஸிபுரோலினைப் பற்றி முன்பு சொன்னேன் அல்லவா? நாம் உண்ணும் ஹைட்ராக்ஸிபுரோலினை உடல் கொலாஜன் இழையில் நேரடியாகக் கோக்க முடியாது! அதற்குரிய குறியீடு நம் மரபணுவில் இல்லை. உடல் முதலில் சாதாரணப் புரோலினைக் கோத்து இழையை உண்டாக்குகிறது. பிறகுதான் ஒரு நொதி, சில புரோலின்களை மட்டும் ஹைட்ராக்ஸிபுரோலினாக மாற்றுகிறது. இம்மாற்றம் நடந்தால்தான் மூன்று புரியும் உறுதியாக நிற்கும். அந்த நொதி வேலை செய்ய இரும்பும் வைட்டமின் சி-யும் தேவை.

வைட்டமின் சி இல்லாமற் போனால் என்ன ஆகும் என்பதைக் கடல் வரலாறு காட்டுகிறது. மாதக்கணக்கில் பழமும் காயும் இன்றிப் பயணம் செய்த மாலுமிகளுக்கு ஈறு வீங்கி இரத்தம் கசிந்தது; பழைய புண்கள் மீண்டும் திறந்தன; மூட்டுகள் வலித்தன. இதுவே ஸ்கர்வி நோய். 1747-ல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர், நோயுற்ற மாலுமிகளுக்கு வெவ்வேறு மருந்துகளைக் கொடுத்துப் பார்த்து, ஆரஞ்சும் எலுமிச்சையும் உண்டவர்களே விரைவில் தேறினர் என்று கண்டார். ஆடு தனக்கு வேண்டிய வைட்டமின் சி-யைத் தானே செய்து கொள்ளும். மனிதனால் அது இயலாது. உணவிலிருந்தே பெற வேண்டும்.

100 கிராம் கொய்யாப்பழத்தில் சுமார் 200 மில்லிகிராம் வைட்டமின் சி உண்டு. இது ஒரு நாள் தேவையைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல். நெல்லிக்காயும் இதில் சளைத்ததன்று. சந்தையில் மலிவாகக் கிடைக்கும் இவற்றை விட்டுவிட்டு, டப்பாவின் பின்னால் ஓடுவது எவ்வளவு பொருத்தம் என்று எண்ணிப் பாருங்கள்.

பாரிஸ் நகரத்து எலும்பு ரசம்

எலும்பு ரசத்தைப் பெரிதாக நம்பியவர்கள் நாம் மட்டுமல்லர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சு நாட்டில் ஏழைகளுக்கும் மருத்துவமனை நோயாளிகளுக்கும் இறைச்சிக்குப் பதிலாக எலும்பிலிருந்து எடுத்த ஜெலட்டின் ரசத்தைக் கொடுத்தனர். தார்சே என்ற வேதியியலார் இதற்குப் பெரிதும் பாடுபட்டார். குறைந்த செலவில் ஏழைக்கு இறைச்சியின் பலன் என்பது அவர் எண்ணம். நல்லெண்ணம்தான். ஆனால் பலன் உண்டா என்று ஐயம் எழவே, பிரெஞ்சு விஞ்ஞானக் கழகம் ஒரு குழுவை அமைத்தது. பிரான்சுவா மஜாந்தி தலைமையில் அக்குழு 1841-ல் தன் முடிவை வெளியிட்டது. ஜெலட்டினை மட்டும் உண்ட நாய்கள் உயிர் வாழ முடியவில்லை.

அன்று புரியாத காரணம் இன்று தெளிவு. உடலால் செய்ய முடியாத, உணவிலிருந்தே வர வேண்டிய அமினோ அமிலங்களுள் ஒன்றாகிய டிரிப்டோஃபேன் கொலாஜனில் அறவே இல்லை. மற்றும் சிலவும் குறைவு. ஆகவே புரதம் என்ற முறையில் கொலாஜன் குறையுள்ள புரதமே. முட்டை, பால், மீன் ஆகியவையும், சோற்றோடு சேர்ந்த பருப்பும் இதைவிட எவ்வளவோ மேல்.

50 கிலோ எடையுள்ள ஒருவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 40 கிராம் புரதம் வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் அளவு. ஒரு முட்டையில் 6 கிராமுக்குக் குறையாது. 100 கிராம் பருப்பில் 20 கிராமுக்கு மேல். 100 கிராம் நிலக்கடலையில் சுமார் 25 கிராம். கூலி வேலை செய்யும் பெண்கள் பலர் பிள்ளைகளுக்கும் கணவருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் சோறும் குழம்பு வண்டலும் மட்டும் உண்பதை நாம் நம் வீடுகளிலேயே காண்கிறோம். அவர்களுக்கு முதலில் வேண்டியது டப்பாவன்று; தட்டில் ஒரு முட்டை.

குருத்தெலும்பின் வயது

மூட்டுக் குருத்தெலும்பில் இரத்தக் குழாய்களே இல்லை. மூட்டு அசையும்போது அழுந்தியும் விரிந்தும், சுற்றியுள்ள மூட்டு நீரிலிருந்துதான் அது ஊட்டம் பெறுகிறது. அதன் கொலாஜன் எவ்வளவு காலத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது?

இதற்கு விடை கண்ட விதம் வியப்பூட்டுவது. 1950-களிலும் 1960-களின் தொடக்கத்திலும் வல்லரசுகள் வானில் நடத்திய அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கார்பன்-14 என்னும் கதிரியக்கக் கார்பன் மிகுந்தது. 1963 ஒப்பந்தத்துக்குப் பின் அது படிப்படியாகக் குறைந்தது. அக்கார்பன் பயிர் வழியாக உணவிலும், உணவு வழியாக உடலிலும் சேர்ந்தது. எனவே ஒரு திசுவில் உள்ள கார்பன்-14 அளவைக் கொண்டு அது எந்த ஆண்டுகளில் உருவாயிற்று என்று கணக்கிடலாம். டென்மார்க்கு ஆராய்ச்சியாளர்கள் இம்முறையில் முழங்கால் குருத்தெலும்பை ஆராய்ந்து 2016-ல் வெளியிட்ட முடிவு இது: குருத்தெலும்பின் கொலாஜன் பெரும்பாலும் நாம் வளரும் பருவத்திலேயே அமைந்துவிடுகிறது, பிற்காலத்தில் ஏறக்குறையப் புதுப்பிக்கப்படுவதே இல்லை. தேய்மான நோய் வந்த மூட்டிலும் இதே நிலைதான்.

அப்படியானால், செங்கல்லை எவ்வளவு கொண்டுபோய்க் கொட்டினாலும் கட்டுவதற்குக் கொத்தனார் வராத இடம் அது! ‘தேய்ந்த குருத்தெலும்பு ஒரு மாதத்தில் வளரும்’ என்ற விளம்பரத்தை நாம் எப்படி நம்புவது?

டப்பா முழுவதும் பொய்யா?

நடுநிலை தவறாமல் ஒன்றைச் சொல்ல வேண்டும். நாள்தோறும் 10 கிராம் வரை கொலாஜன் பொடியைச் சில மாதங்கள் உட்கொண்ட முழங்கால் தேய்மான நோயாளிகளுக்கு வலி ஓரளவு குறைந்ததாகச் சில ஆய்வுகள் கூறுகின்றன. வெட்டுக்குத் தப்பிய சிறு துணுக்குகள் ஏதேனும் செய்கின்றனவா என்ற ஆராய்ச்சியும் நடைபெறுகிறது. ஆனால் இவற்றுட் பல சிறிய ஆய்வுகள். பலவற்றுக்குப் பொருளுதவி செய்தவர்கள் பொடி தயாரிப்பவர்களே. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2011-ல் ஆராய்ந்து, கொலாஜன் பொடிக்கும் மூட்டு நலத்துக்கும் காரண காரியத் தொடர்பு நிறுவப்படவில்லை என்று கூறியது.

‘குடித்தேன், குறைந்தது’ என்று சொல்பவர்களும் பொய்யர்கள் அல்லர். மூட்டு வலியும் முதுகு வலியும் கடல் அலை போல ஏறி இறங்குபவை. வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் நாம் மருந்தைத் தேடுகிறோம். உச்சிக்குப் போனது தானே இறங்கும்போது, அந்நேரத்தில் கையில் இருந்த கோப்பைக்குப் புகழ் போய்விடுகிறது. சூடான சூப்போடு கிடைக்கும் ஓய்வும், ‘வலிக்கிறதா?’ என்று கேட்கும் பிள்ளைகளின் பரிவும் சேர்ந்தால் பாதி வலி பறப்பதில் வியப்பென்ன?

வலிக்குக் காரணம் பல

மூட்டு வலி என்பது ஒரே நோயன்று. வயதாலும் உழைப்பாலும் வரும் தேய்மானம் ஒன்று. காலையில் எழுந்ததும் விரல்கள் மடக்க முடியாமல் நெடுநேரம் விறைத்து, மூட்டுகள் வீங்கும் முடக்குவாதம் வேறு. யூரிக் அமிலம் படிகமாகி மூட்டில் சேரும் நோய் வேறு. வைட்டமின் டி குறைவால் எலும்பு வலிப்பதும் உண்டு. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் சில பகுதிகளில் நிலத்தடி நீரிலுள்ள மிகுதியான ஃபுளோரைடே எலும்பையும் மூட்டையும் முதுகையும் இறுக்கியது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் அதற்காகவே வந்தது. குடிக்கும் நீரால் வந்த நோய்க்கு ஆட்டுக்கால் எப்படி மருந்தாகும்? நோயின் காரணத்தை அறிந்த பின்பே தீர்க்கும் வழியை நாட வேண்டும் என்று வள்ளுவப் பெருந்தகை அன்றே வற்புறுத்தியதும் இதைத்தானே!

முதுகு வலியில் பெரும்பாலானவை குறிப்பிட்ட ஓர் உறுப்பின் கேட்டைச் சுட்டிக்காட்ட முடியாதவை. தசையின் சோர்வு, ஒரே நிலையில் அமர்தல், சுமை தூக்குதல் இவற்றோடு தொடர்புடையவை. உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் நாள்பட்ட இடுப்பு முதுகு வலிக்கு வெளியிட்ட நெறிமுறைகளில் நோயாளிக்கு விளக்கம் அளித்தல், முறையான உடற்பயிற்சி முதலியவற்றையே பரிந்துரைத்துள்ளது. இடுப்பு வார்களை வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்றும் கூறியுள்ளது. முழங்கால் தேய்மானத்துக்கும் தொடைத் தசையை வலுப்படுத்தும் பயிற்சியும் எடைக் குறைப்புமே முதன்மையானவை. ஒரு கிலோ எடை குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்கால் மேல் விழும் பாரம் ஏறத்தாழ நான்கு கிலோ குறைகிறது என்று அளந்து கண்டுள்ளனர்.

எங்கள் வீட்டில் டப்பா வாங்கவில்லை. என் தாயாரை அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றேன். அங்கே மருத்துவர் பரிசோதித்தபின், இயன்முறை மருத்துவர் சில பயிற்சிகளைக் கற்றுக் கொடுத்தார். சுவரில் சாய்ந்து ஒரு சிறு பலகை மேல் அமர்வது, முறத்தை மடியிலிருந்து எடுத்து உயரமான பெட்டிமேல் வைப்பது, ஒரு கட்டு முடிந்ததும் எழுந்து வாசல் வரை நடப்பது, காலை நீட்டித் தொடைத் தசையை இறுக்கித் தூக்குவது என்பவையே அவை. வலி முழுதும் போய்விடவில்லை. ஆனால் இரவில் புரண்டு படுக்க முடிகிறது என்கிறார். மருத்துவமனைக்குப் போக இயலாத முதியோர் வீட்டிலேயே இயன்முறை மருத்துவம் பெறவும், 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வழி செய்யப்பட்டது. இதை அறியாதவர் நம் ஊர்களில் பலர்.

கால் மரத்துப் போதல், கால் வலுவிழத்தல், சிறுநீர் கட்டுப்படாமை, காய்ச்சலோடு மூட்டு சிவந்து வீங்குதல் ஆகியவை தோன்றினால் ஒரு நாளும் தாமதிக்காமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும். அந்நேரத்தில் அடுப்பில் சூப்பு வைத்துக் காத்திருப்பது ஆபத்தாக முடியும்.

முடிவுரை

நான் ஆட்டுக்கால் சூப்புக்கு எதிரி அல்லன். மிளகும் சீரகமும் தட்டிப் போட்ட சூடான சூப்பின் சுவையை யார்தான் வெறுப்பர்? காய்ச்சலில் வாய் கசந்தவருக்கும், பசியற்ற முதியோருக்கும் அது இதமான உணவு. உப்பைக் குறைத்து, மேலே மிதக்கும் கொழுப்பை எடுத்துவிட்டு, இறக்கியபின் எலுமிச்சை பிழிந்து குடிக்கலாம். அதை விருந்தாக வைத்துக் கொள்வோம். மருந்தாக ஆக்க வேண்டாம் என்பதே என் வேண்டுகோள்.

உண்ட கால் காலுக்குப் போவதில்லை. உண்ட உணவு உடலுக்குப் போகிறது. உடல்தான் தன் கொலாஜனைத் தானே திரிக்கிறது. அதற்கு வேண்டியவை பருப்பும் முட்டையும் கீரையும் கொய்யாவும். மூட்டுக்கு வேண்டியவை அசைவும், வலுவான தசையும், குறைந்த சுமையும், காரணம் அறிந்த சிகிச்சையும்.

நண்பர்களே! இக்கல்லூரியில் பயிலும் நம்மில் பலர் நம் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள். ஊரில் மருந்துச் சீட்டைப் படித்துச் சொல்வதும், டப்பாவின் மேல் எழுதியிருப்பதற்குப் பொருள் சொல்வதும் இனி நம் பொறுப்பு. பெற்றோர் நம் சொல்லை நம்பித் தம் கூலிக் காசைச் செலவிடுகிறார்கள். ஆய்வுக் கூடத்தில் ஒரு உப்பைச் சோதிக்கும்போது நிறத்தைப் பார்த்த மாத்திரத்தில் விடை எழுதாமல், படிப்படியாகச் சோதித்த பின்பே எழுதுகிறோம். அந்தப் பொறுமையை வீட்டுத் திண்ணைக்கும் கொண்டு செல்வோமாக. நாம் கற்ற விஞ்ஞானம் முதலில் பயன்பட வேண்டிய இடம் அதுவே.